தந்திக் கம்பி முதல் கண்ணாடி இழை வரை: மும்பையும் சென்னையும்

நம் வீட்டுப் பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு சாட்டிலைட் வழியாகப் போகிறது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதில் மிகப் பெரும்பங்கு கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழை வழியாகத்தான் போகிறது. அந்த இழை இந்தியக் கரையேறும் முக்கிய வாசல்கள் இரண்டு. ஒன்று நாம் பிழைக்க வந்த மும்பை, மற்றொன்று சென்னை. இந்த ஏற்பாட்டுக்கு வயது நூற்றைம்பதுக்கும் மேல்.

1870 பிப்ரவரியில் 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் ராட்சதக் கப்பல் பம்பாயிலிருந்து ஏடன் நோக்கித் தந்திக் கம்பியைக் கடலில் இறக்கிக்கொண்டே போயிற்று. ஏடன், சூயஸ், அங்கிருந்து தரைவழியாக அலெக்சாண்ட்ரியா, பிறகு மால்டா, ஜிப்ரால்டர் என்று கரை தொட்டுத் தொட்டு, அவ்வாண்டு ஜூனில் லண்டனோடு இணைப்பு முடிந்தது. சூட்டோடு சூடாக 1870-71இல் மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு இன்னொரு கம்பி. இரு கரைகளுக்கும் நடுவே தரைத் தந்தி 1850களிலேயே வந்துவிட்டது. ஆக, லண்டன் வியாபாரி சிங்கப்பூருக்கு அனுப்பும் செய்தி பம்பாயில் கரையேறி, தக்காணத்தைக் கடந்து, மதராஸில் மறுபடியும் கடலில் இறங்கும்.

வழியில் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பார். நீண்ட கம்பியில் மின்சாரம் சோர்ந்துபோய் வரும். அதை அறிய வில்லியம் தாம்சன் ஒரு கருவி செய்திருந்தார்: மயிரிழையில் தொங்கும் சிறு கண்ணாடி அசைய, அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி இடமும் வலமும் நகரும். அதைக் கண் கொட்டாமல் பார்த்து எழுதி, மேல்விலாசம் படித்து, அடுத்த கம்பியில் தட்டி அனுப்ப வேண்டும். அன்றைக்குக் கம்பியின் முனையில் மட்டும் இருந்த ஒளி, பின்னாளில் கம்பிக்குள்ளேயே ஓடத் தொடங்கிற்று.

அதற்கு அடிகோலியவர்களில் ஒருவர் நம் நாட்டவர். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற ஆசிரியரோடு சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டி 1954இல் கட்டுரை வெளியிட்டார். ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். கண்ணாடியிலுள்ள அழுக்கை நீக்கினால் செய்திக்கே பயன்படுத்தலாம் என்று 1966இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் சார்லஸ் காவ். 1 கிலோமீட்டர் போனபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது மிஞ்ச வேண்டும் என்பது அவர் வைத்த இலக்கு. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அதை எட்டியது. இன்றைய இழையில் அந்த நூற்றில் ஒரு பங்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் மிஞ்சுகிறது. காவ் 2009இல் நோபல் பெற்றார். கபானிக்குக் கிடைக்கவில்லை, எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

மும்பைக்கு 1994இல் சீ-மீ-வீ 2, 1997இல் ஃபிளாக் என்று கண்ணாடி வடங்கள் வந்து சேர்ந்தன. பிரபாதேவியும் வர்சோவாவும் வடம் கரையேறும் இடங்களாயின. சென்னைக்கு 2002இல் சிங்கப்பூரிலிருந்து ஐ2ஐ வந்தது. 2005இல் முடிந்த சீ-மீ-வீ 4 ஒரே வடமாக இரு நகரங்களையும் தொட்டுச் செல்கிறது. மேற்கே சூயஸ், அலெக்சாண்ட்ரியா. கிழக்கே மலாக்கா, சிங்கப்பூர். பழைய தந்திப் பாதையை அப்படியே தடம் பிடித்த மாதிரி!

குமாஸ்தா மட்டும் மாறிவிட்டார். மேல்விலாசம் பார்த்து அடுத்த வழியில் தள்ளும் அந்த வேலையை இப்போது ரூட்டரும் ஸ்விட்சும் செய்கின்றன. நம் அலுவலகத்து ஸ்விட்ச் கடல்நிலையத்துக் கருவிக்குச் சின்னத் தம்பி. இரண்டு ஸ்விட்சுகளை ஃபைபரால் இணைக்கப் பொதுவாக இரண்டு இழைகள் வேண்டும். ஒன்று போக, ஒன்று வர. இங்கே அனுப்பும் முனை அங்கே வாங்கும் முனையில் சேர வேண்டும். நேருக்கு நேர் செருகினால் இரண்டும் பேசும், எதுவும் கேட்காது. ஒளி ஓடும் நடுத்தண்டு, தொலைதூர வகையில் 9 மைக்ரான்தான். தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடிமன். முனையில் ஒரு தூசி போதும், வழி அடைபடும். நம்ம பசங்க அவசரத்தில் சட்டைத் துணியால் துடைத்துச் செருகுகிறார்கள். அதற்கென்று தனித் துடைப்பான் உண்டு. வெளிச்சம் வருகிறதா என்று முனையைக் கண்ணில் வைத்துப் பார்ப்பதும் ஆகாது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குக் கேடு செய்யக்கூடும்.

செம்பூர்ப் பக்கம் குடியிருப்புகளில் ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்துக்கு மொட்டை மாடி வழியே செம்புக் கேபிளைத் தொங்கவிடும் பழக்கம் இருக்கிறது. செம்பின் எல்லை 100 மீட்டர். அது கிடக்கட்டும், மழைக்காலத்தில் இடி இறங்கினால் இரு முனையிலும் உள்ள ஸ்விட்சுகள் எரியும். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. நூறு இருநூறு மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் இழக்கும் இந்த வியாபாரம் எனக்குப் புரியவேயில்லை.

பழைய பாதையில் ஒரு சங்கடமும் கூடவே வந்திருக்கிறது. 2008 ஜனவரி 30 அன்று அலெக்சாண்ட்ரியா அருகே ஃபிளாக், சீ-மீ-வீ 4 இரண்டும் அறுந்தன. இந்தியாவின் இன்டர்நெட்டில் ஏறத்தாழ பாதி படுத்துவிட்டது. தாராவியில் தோல் பை தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவரின் ஆர்டர், யாரோ எகிப்துக் கடலில் கம்பி அறுந்ததால் நின்றுபோகும் நிலை. அப்போது கைகொடுத்தது கிழக்கு வாசல்; சிங்கப்பூர், பசிபிக் வழியாகச் சுற்றிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜெட்டா அருகே மறுபடியும் வடங்கள் அறுந்தன. மேற்கே போகும் வடங்களில் பெரும்பாலானவை அந்த ஒடுங்கிய கடலில்தான் இன்னும் கிடக்கின்றன.

கட்டடத்துக்குள்ளும் இரண்டு வழி போட்டு வைப்பது நல்லது. ஆனால் ஸ்விட்சுகளை வளையமாகக் கோத்தால் செய்தி சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் முடக்கிவிடும். இதற்கு 1985இல் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் ஒரு வழி கண்டார்: ஸ்விட்சுகளே தங்களுக்குள் பேசி ஒரு வழியை மூடி வைக்கும், மற்றது அறுந்தால் தானே திறக்கும். ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். வேலைக்கு வரும் பையனிடம் அதைப் போட்டுவிட்டாயா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.