தவறி வீழ்ந்தோரும் தீர்ப்புக் கூறியோரும்

பகைவரிடத்தும் அன்பு பாராட்டுதல் வேண்டும் என்பது கிறிஸ்து நாதர் தம் சீடருக்கு இட்ட கட்டளை என்பதை நேயர்கள் அறிவர். அதனைக் கைக்கொள்வதில் ஆதிக் கிறிஸ்தவருக்கு நேர்ந்த பேரிடர் யாது என்று வரலாற்றை வினவினால், அது தரும் விடை சற்று வியப்பாகவே இருக்கும். தம்மைத் துன்புறுத்திய அரசனுக்காக மன்றாட அவர்கள் கற்றுக்கொண்டனர். ஆனால், தம்மோடு ஒரே பந்தியில் அமர்ந்திருந்து, ஆபத்து வந்தபோது காலிடறி வீழ்ந்த சகோதரனை என்ன செய்வது? இந்த வினாவே அவர்களைப் பிளந்தது. இதற்கு வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப்போலத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இன்றைய தூனிசியா நாட்டின் கடலோரத்தில் அந்நகரின் இடிபாடுகளைக் காணலாம்.

கி.பி. 249ஆம் ஆண்டில் றோமப் பேரரசனான டேசியஸ், குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணை பிறப்பித்தான். பானபலி வார்த்து, பலியிட்ட இறைச்சியிற் சிறிது உண்டு, அதிகாரிகளிடம் அத்தாட்சிப் பத்திரமும் பெறவேண்டும். அத்தகைய பத்திரங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலிற் கிடந்து, 1893ஆம் ஆண்டு முதலாக அறிஞர் கைக்கு எட்டியுள்ளன. ஒன்றில், 72 வயதுக் கிழவர் ஒருவர் தம் வலப் புருவத்தில் தழும்பு உண்டென்று அடையாளம் குறித்திருக்கிறார். மற்றொன்று முதலைத் தெய்வத்தின் பூசகி ஒருத்திக்கு உரியது. தேவர்களுக்கே ஊழியஞ் செய்பவளும் தான் தேவர்களை வணங்குவதாக எழுத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது! அரசாங்கக் கந்தோர்களின் இயல்பு அன்றும் அவ்வாறே இருந்தது போலும்.

கார்த்தேஜில் நடந்தது கிறிஸ்தவருக்குப் பெருமை தருவதன்று. காவலர் வந்து பிடிக்கும்வரை பலர் காத்திருக்கவில்லை. தாமே நகர மன்றுக்கு ஓடினர். மாலையாகிவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் தள்ளிவைத்தபோதும், அன்றே பலியிட அனுமதிக்குமாறு கெஞ்சினர். கைக்குழந்தைகளையுந் தூக்கிச் சென்றனர். வேறு சிலர் பலியிடவில்லை. பணங்கொடுத்துப் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டனர். இவ்வளவையும் எழுதிவைத்தவர் அந்நகரின் மேற்றிராணியார் சிப்பிரியான்.

சிப்பிரியான் சொல்வன்மை மிக்கவர், செல்வர். கிறிஸ்தவரானபோது தம் செல்வத்திற் பெரும்பகுதியை ஏழைகளுக்கு ஈந்தவர். ஆயினும் 250ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேதகலாபனை மூண்டபோது அவர் நகரை விட்டு நீங்கி ஒளிந்துகொண்டார். மறைவிலிருந்தே கடிதங்கள் மூலம் சபையை நடத்தினார். அதே வருடம் சனவரியில் றோமாபுரியின் மேற்றிராணியார் பபியான் உயிரைக் கொடுத்திருந்தார். ஆதலால், மந்தையை விட்டு ஓடிய மேய்ப்பர் என்ற குத்தற்பேச்சு சிப்பிரியானின் காதிலும் விழுந்தது. பின்னர் வீழ்ந்தோருக்கு நியாயம் வழங்கும் ஆசனத்தில் இவரே அமர நேர்ந்தது. இதை மறந்துவிட்டு அவருடைய எழுத்துக்களைப் படித்தால் பாதிதான் விளங்கும்.

251ஆம் ஆண்டில் கோத்தியருடனான போரில் டேசியஸ் மாண்டான். ஆனால், புயல் தணியுமுன்னரே வீழ்ந்தவர்கள் கோவில் வாயிலுக்குத் திரும்பிவிட்டனர். சிறையில் வாடி உறுதி குலையாதிருந்த வீரரிடம் அவர்கள் சென்றார்கள். இரங்கிய அவ்வீரர்கள் இவரைச் சேர்த்துக்கொள்க என்று சீட்டெழுதிக் கொடுத்தனர். சில சீட்டுக்களில் இன்னாரும் அவரைச் சேர்ந்தோரும் என்றிருந்தது. சேர்ந்தோர் எத்தனை பேர்? இருபதோ முப்பதோ எவரும் அறியார். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கிற் சீட்டுக்கள் வழங்கப்படுவதாகச் சிப்பிரியான் முறையிட்டார். கனிவு என்பது கணக்கில்லாமற் போனால், உறுதியாய் நின்றவன் பட்ட பாட்டுக்கு மதிப்பேது என்பது அவர் கவலை.

மறுபுறத்தில், றோமாபுரியில் நொவாத்தியான் என்னும் குரு எழுந்தார். பெரும் அறிஞர், திரித்துவத்தைப் பற்றி நூல் இயற்றியவர். பலியிட்டவனுக்குச் சபையில் ஒருபோதும் மன்னிப்பளிக்க இயலாது என்பது அவர் கொள்கை. மேற்றிராணியார் கொர்னேலியுவுக்கு எதிராகத் தாமும் மேற்றிராணியாராகி, தனிச் சபையொன்றை நிறுவினார். அச்சபையார் தூயோர் என்று தம்மை அழைத்துக்கொண்டு, பல தலைமுறைகள் நிலைத்திருந்தனர்.

இவ்விரு சாராருக்கும் இடையே சிப்பிரியான் எடுத்த முடிவுதான் நமது கவனத்துக்கு உரியது. வீழ்ந்தோர் யாவரும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவர் அல்லர் என்றார் அவர். அழைக்குமுன் ஓடியவன் ஒருவன். நெடுநேரம் போராடித் தளர்ந்தவன் மற்றொருவன். குடும்பத்தாரை எல்லாம் இழுத்துச்சென்று பலியிடுவித்தவன் ஒருவன். மனைவி மக்களைக் காக்கத் தான் மட்டும் சென்று அப்பழியை ஏற்றவன் மற்றொருவன். போனா என்னும் பெண்ணின் செய்தியைச் சிப்பிரியானுக்கு ஒரு மேற்றிராணியார் எழுதினார். அவளைக் கணவனே பலிபீடத்துக்கு இழுத்துச் சென்றான். பிறர் அவள் கைகளைப் பிடித்துப் பலியிடுவித்தனர். செய்தது தானல்ல, அவர்களே என்று அவள் கூவினாள்; நாடு கடத்தப்பட்டாள். இவளை எந்த நிரலில் வைப்பது?

251ஆம் ஆண்டில், உயிர்த்த ஞாயிறு கழிந்த பின்னர் ஆபிரிக்க மேற்றிராணிமார் கார்த்தேஜிற் கூடினர். பத்திரம் மட்டும் வாங்கியோரை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்வது என்றும், பலியிட்டோர் நெடுங்காலம் தவஞ்செய்து மரணத் தறுவாயிற் சமாதானம் பெறுவது என்றும் தீர்மானித்தனர். மீண்டும் வேதகலாபனை வரும் அறிகுறி தோன்றியபோது, தவத்தில் நிலைத்திருந்தோரை உடனே சேர்த்துக்கொள்ள இசைந்தனர். போருக்குப் போகிறவனை ஆயுதமின்றி அனுப்பலாமா என்பது அவர்கள் எண்ணம். மெதுவான தீர்ப்புத்தான், ஆனால், அதில் ஆளைப் பார்த்து அளந்த நீதி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வழங்கிய சீட்டிலும் கதவை அறைந்து சாத்திய கண்டிப்பிலும் இல்லாதது அதுவே.

இதனாற் சிப்பிரியானைச் சாந்தமே உருவானவர் என்று கொண்டுவிடல் ஆகாது. தம்மை எதிர்த்த பெலிசிசிமு என்பவரையும் நொவாத்தியானையும் அவர் சாடிய சொற்கள் இன்றும் சுடுகின்றன. வீழ்ந்தவனிடம் இரங்கிய அதே பேனா, எதிர்த்தவனிடம் இரங்கவில்லை. ஒரு காலத்தில் கார்த்தேஜில் மூன்று பேர் தாமே மேற்றிராணியார் என்று உரிமை கோரினர்.

அவ்வேளையில் கொள்ளைநோய் வந்தது. 252ஆம் ஆண்டளவில் அது கார்த்தேஜை வாட்டிற்று. அது எந்த நோய் என்பதில் ஆய்வாளர் இன்றும் ஒருமனப்படவில்லை. நோயாளரை உறவினரே வீதியில் விட்டு ஓடினர். பிணங்கள் தெருவிற் கிடந்தன. தேவர்கள் கோபங் கொண்டதற்குக் கிறிஸ்தவரே காரணம் என்ற பழியும் எழுந்தது. சிப்பிரியான் தம் மக்களைக் கூட்டி, நம்மவருக்கு மட்டும் உதவுவதிற் பெருமை இல்லை, நம்மைப் பகைப்போருக்கும் உதவுதல் வேண்டும் என்று போதித்ததாக அவருடைய தியாக்கோன் பொந்தியு எழுதுகிறார். செல்வர் பணத்தாலும் வறியோர் தம் உடல் உழைப்பாலும் பணி செய்தனர். மூன்றாண்டுகளுக்கு முன் பலிபீடத்துக்கு ஓடிய கால்களிற் சில, அந்தத் தெருக்களிலும் நடந்திருக்கலாம் அல்லவா?

257ஆம் ஆண்டில் வலேரியன் என்னும் பேரரசன் ஆட்சியில் சிப்பிரியான் கூறுபி என்னும் ஊருக்கு நாடு கடத்தப்பட்டார். இம்முறை அவர் ஓடவில்லை. 258ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி வாளால் வெட்டுமாறு தீர்ப்பாயிற்று. கொலையாளி வந்து நின்றபோது, அவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கும்படி தம்மவருக்குக் கட்டளையிட்டார்.

அவரது நகரம் அப்பாடத்தைக் கற்றதா? 303ஆம் ஆண்டில் டயோக்கிளீசியன் மூட்டிய வேதகலாபனையில், திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தோர் சிலர். அக்கறை படிந்தவர் கையால் அபிஷேகம் பெற்றவர் மேற்றிராணியார் ஆகலாமா என்ற வழக்கில், கார்த்தேஜ் மறுபடியும் இரண்டாயிற்று. தொனாத்து என்பவரைத் தலைவராகக் கொண்ட ஒரு சாரார் நூறாண்டு கழிந்தும் இணங்கவில்லை. இரு திறத்தாரும் சிப்பிரியான் தம் பக்கமே என்று அவர் நூல்களை மேற்கோள் காட்டினர். 411ஆம் ஆண்டு யூன் மாதத்தில், பேரரசின் ஆணைப்படி இரு தரப்பு மேற்றிராணிமாரும் அந்நகரில் வாதாடக் கூடினர். தலைமை வகித்த மார்சலினுஸ் என்னும் அதிகாரி யாவரையும் அமரும்படி வேண்டினார். பாவிகளோடு ஒருங்கே அமரமாட்டோம் என்று தொனாத்து சாரார் மறுத்தனர். அவர்கள் நிற்கத் தாம் இருப்பது தகாதென்று மார்சலினுஸும் எழுந்து நின்றார். வழக்கை யாவரும் நின்றுகொண்டே நடத்தினர்.