டிராக்டர் இருக்கையும் முதுகெலும்பும்

தொடக்ககால டிராக்டர்களில் ஓட்டுநருக்கு வாய்த்தது, வளைந்த எஃகுப் பட்டையின் மேல் பொருத்திய இரும்புத் தட்டு. 1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயரைப் புகுத்தியது. வேகம் கூடியது, குலுக்கம் ஓயவில்லை.

அமர்ந்திருக்கும் உடல், வினாடிக்கு 4 முதல் 8 வரையான செங்குத்து அதிர்வுகளால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. இருக்கையின் இயல்பு அதிர்வெண்ணும் அவ்வெல்லைக்குள் அமைந்தால், காக்க வந்த வில்லே குலுக்கத்தைப் பெருக்கிவிடும். எனவே அவ்வெண்ணை வெகுவாகத் தாழ்த்தி, ஊசலாட்டத்தை அடக்கத் தணிப்பானையும், ஓட்டுநரின் எடைக்கேற்ப வில்லைத் திருத்தும் அமைப்பையும் சேர்த்தனர்.

1974-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 2631 தரநிலை சுகம், வேலைத்திறன், உடல்நலம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரம்புகளை வகுத்தது. குலுக்கம் வெறும் அசௌகரியமன்று, உழைப்பவரின் உடலைத் தேய்க்கும் தீங்கு என்பது அவ்வாறு எண்ணால் சொல்லத்தக்கதாயிற்று.