காழகம் என்னும் ஒரு சொல்: பட்டினப்பாலையின் பொருட்பட்டியலும் வரலாற்றுச் சான்றும்

தங்காக் நகருக்குப் பின்புலமாக நிற்பது 1,276 மீட்டர் உயரமுடைய லேடாங் மலை. ஐரோப்பியர் இதனை ஓபிர் மலை என வழங்கினர். 1854ஆம் ஆண்டில் இம்மலைமீது ஏறிய இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரசல் வாலஸ் தம் நூலிலும் அப்பெயரையே ஆண்டுள்ளார். ஓபிர் என்பது விவிலியத்தில் சாலமோன் மன்னனுக்குப் பொன் வந்த நாடு. பழைய நூலொன்றில் இருந்த இடப்பெயரைப் பின்வந்தோர் தாம் கண்ட மலையின்மேல் ஏற்றினர். மலையோ அப்பெயரை அறியாது.

அம்மலையடியில் தமிழாசிரியர் சிலரிடையே பட்டினப்பாலை குறித்து நாம் உரையாற்ற நேர்ந்தது. "காழகம் என்பது நம் கெடாதானே ஐயா? அப்படியானால் இந்நாட்டோடு தமிழர் கொண்ட தொடர்பு ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடையது என்று மாணவர்களுக்குச் சொல்லலாம் அல்லவா?" என்று ஆசிரியர் ஒருவர் வினவினார். மேடைகளிலும் மலர்களிலும் பலகாலும் சொல்லப்படும் செய்தியாதலின் உடனே ஆம் என்று கூறிவிடுதல் எளிது. ஆயினும் அச்சொல் பாட்டில் எவ்விடத்தில், எவ்வாறு நிற்கின்றது என்பதை நோக்காமல் விடை கூறுதல் முறையன்று.

பட்டினப்பாலை 301 அடிகளாலானது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் சோழன் கரிகாற்பெருவளத்தான். இப்பாட்டுக்குப் பதினாறு நூறாயிரம் பொன் பரிசிலாக வழங்கப்பட்டதெனக் கலிங்கத்துப்பரணி கூறும். சோணாட்டை அழித்த மாறவர்மன் சுந்தரபாண்டியன், இப்பாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட பதினாறுகால் மண்டபத்தை மட்டும் அழியாது விட்டானெனத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் தெரிவிக்கின்றது. பொன்னின் தொகையை அப்படியே நம்பவேண்டியதில்லை. எனினும் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் பகையரசனாலும் மதிக்கப்பட்ட பாட்டு இது என்பது தெளிவு.

பொருள் தேடப் பிரிய எண்ணிய தலைவன், தன் நெஞ்சை நோக்கிப் பேசிச் செலவைத் தவிர்ப்பதே இதன் துறை. புகழ்மிக்க பட்டினமே கிடைப்பதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்பதே அவன் கூற்று. அக்கூற்றுக்கு உரிய அடிகள் மிகச் சில. ஏனைய அடிகளெல்லாம் காவிரியும், பூம்புகாரும், கரிகாலனின் போர்த்திறமும் ஆகும். புறப்பொருள் முழுவதையும் ஓர் அகப்பாட்டின் வாக்கியத்துக்குள் அடக்கிவிடுகின்றார் புலவர். இறுதியில் தலைவன் கடக்கவேண்டிய காடு கரிகாலன் வேலினும் வெம்மையுடையது எனவும், தலைவியின் தோள் அவன் செங்கோலினும் தண்மையுடையது எனவும் கூறி, அரசனை ஓர் உவமைப் பொருளாக்கி முடிக்கின்றார். அரசனைப் புகழும் பாட்டில் அவனை உவமையின் நிலைக்கு இறக்கும் துணிவு வியக்கத்தக்கது.

இவ்வமைப்பில் பட்டினத்தின் வளம் பெருகப் பெருகத் தலைவன் துறப்பதன் மதிப்பும் பெருகுகின்றது. ஆகவே வளத்தை மிகுத்துக் கூறவேண்டிய தேவை பாட்டின் கட்டமைப்பிலேயே உள்ளது. தெருவில் குவிந்த பொருள்களின் பட்டியலை இத்தேவையோடு சேர்த்தே படித்தல் வேண்டும். கடல்வழி வந்த குதிரை, நிலவழி வந்த மிளகு மூட்டை, வடமலையின் பொன்னும் மணியும், மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம் எனத் திசைகள் நிரம்புகின்றன. பின் கங்கையும் காவிரியும் வருகின்றன. அதன்பின் ஈழமும் காழகமும் இணையாக நிற்கின்றன. நிலம், திசை, ஆறு, கடலுக்கு அப்பால் என வட்டம் விரிந்துகொண்டே செல்கின்றது.

இவற்றுள் முற்பகுதியில் வருவன பெயர் சுட்டத்தக்க பண்டங்கள். காழகத்துக்கோ 'ஆக்கம்' என்னும் பொதுச்சொல்லே கிடைக்கின்றது. ஈழமும் காழகமும் எதுகையால் பிணைந்துள்ளமையும் நோக்கத்தக்கது. ஒலியின் பொருட்டுப் புலவர் ஓர் ஊரையே படைத்துவிட்டார் எனக் கூற நாம் துணியோம். எனினும் அங்கிருந்து வந்தது யாது என்பதைப் பாட்டு சொல்லவில்லை.

காழகம் கடாரமே எனப் பொருள் கொண்டவர் நச்சினார்க்கினியர். அவர் 14ஆம் நூற்றாண்டினர், பாட்டோ கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியதெனப் பலராலும் கருதப்படுவது. இடையே ஏறத்தாழ 1,200 ஆண்டுகள். அதற்குள் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்தை வழங்கியிருந்தான். 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் படையும் கடாரம் சென்று மீண்டிருந்தது. எனவே உரையாசிரியர் செவியில் அப்பெயர் இயல்பாகவே ஒலித்திருக்கும். கடாரமே பர்மாவின் பெகு என ஒரு காலத்தில் கருதப்பட்டதும், அக்கருத்தையொட்டிக் காழகமும் பர்மாவென அகராதியில் ஏறியதும் மறக்கத்தக்கன அல்ல. இச்சொல்லுக்கு ஆடை என்னும் பொருளும் உண்டு. துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற தங்காக்கில் இதனைக் கூறியபோது அவையில் சிரிப்பெழுந்தது.

இதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையோடு ஒப்பிடுதல் பயன்தரும். அங்கே நீர்ப்பெயற்றுத் துறையில் நாவாய்கள் குதிரையையும் வடநாட்டுப் பொருள்களையும் கொணர்கின்றன. கலங்களுக்கு வழிகாட்டும் விளக்குமாடமும் உண்டு. ஆனால் எண்டிசையையும் அழைக்கும் பட்டியல் இல்லை. ஒரு துறைமுகத்தைக் கண்டவாறு காட்டுவதும், ஒரு நகரை உலகின் தொகுப்பாக எண்ணிக் காட்டுவதும் வெவ்வேறு என்பதைப் புலவர் அறிந்திருந்தார். பட்டினப்பாலையில் வரலாற்றாசிரியனுக்கு உறுதியான பகுதி பட்டியலுக்குச் சற்று முன்னரே வந்துவிடுகின்றது என்பது நம் கருத்து. கடல் நீரை முகந்த மேகம் மலையில் பொழிவதும், மலையில் பெய்த நீர் கடலில் சேர்வதும் போல, நீரிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து நீருக்கும் பண்டங்கள் மாறுகின்றன. சுங்க அலுவலர் அவற்றின்மீது புலிப்பொறி இடுகின்றனர். இங்கே ஊர்ப்பெயர் இல்லை. வாணிகம் இயங்கும் முறை உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் 1960களில் அகழப்பட்ட செங்கற் படகுத்துறை இதற்கு மண்ணிலிருந்து கிடைத்த துணை.

அவ்வாறாயின் கீழைக்கடல் தொடர்பு கட்டுக்கதையா? அன்று. தாய்லாந்தின் தென்பகுதியிலுள்ள குவான் லுக் பாட் என்னுமிடத்தில் பொன் உரைக்கும் கல்லொன்று கிடைத்துள்ளது. 'பெரும்பதன் கல்' எனத் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்ட அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது. பூ காவ் தோங்கில் கிடைத்த பானையோட்டு எழுத்து கி.பி. 2ஆம் நூற்றாண்டினதாகக் கணிக்கப்படுகின்றது. இவை தீபகற்பத்தின் வடபகுதிச் சான்றுகள். கெடாவின் சான்றுகள் அல்ல. ஆயினும் தமிழறிந்த பொற்கொல்லன் ஒருவன் தன் உரைகல்லை இக்கடற்கரைவரை கொண்டுவந்ததை அவை காட்டுகின்றன. பாட்டின் ஒரு சொல்லைவிட அக்கல் கனமானது.

தேர்வில் மாணவன் என்ன எழுதுவான் என்று அவ்வாசிரியர் மீண்டும் கேட்டார். "காழகம் கெடா" என்று எழுதவேண்டாம், "காழகத்தை நச்சினார்க்கினியர் கடாரம் என்கிறார்" என்று எழுதட்டும் என்றோம். மதிப்பெண் குறையுமே என்றார் அவர். குறையக்கூடும் என்பதை நாமும் மறுக்கவில்லை.