கூப்பனிலிருந்து கைப்பேசி எண் வரை

காகிதக் கூப்பனுக்கு உரிமையாளர் பெயர் தேவைப்படவில்லை. 1896இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஸ்பெர்ரி அண்டு ஹட்சின்சன் நிறுவனத்தின் பச்சை முத்திரைகளை எண்ணிப் பாருங்கள். வாங்கிய தொகைக்கேற்பக் கடைக்காரர் முத்திரை தருவார்; அவற்றைச் சிறு ஏட்டில் ஒட்டி நிறைத்தால் பரிசு. ஏடு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பரிசு. அவர் என்ன வாங்கினார் என்பது எங்கும் பதிவாகவில்லை.

இந்தியப் பெருநகர்க் கடைகளில் இந்நிலையை மாற்றியது உறுப்பினர் அட்டை. ஷாப்பர்ஸ் ஸ்டாப் 1994இல் தன் 'ஃபர்ஸ்ட் சிட்டிசன்' திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் அட்டையை வீட்டில் விட்டுச் செல்லும் உரிமையேனும் வாடிக்கையாளரிடம் எஞ்சியிருந்தது. அட்டையின் இடத்தைக் கைப்பேசி எண் பிடித்ததே என் பார்வையில் உண்மையான திருப்பம். அதே எண்தான் வங்கிக் கணக்கிலும் உள்ளது, மருந்துக்கடை ரசீதிலும் உள்ளது. மாதந்தோறும் வாங்கும் மாத்திரை எது என்று தெரிந்தால் நோய் எது என்று தனியே கேட்க வேண்டியதில்லை.

தொழில்நுட்பம் வேறு வழி காட்டவில்லை என்று சொல்வதற்கில்லை. சீட்டு உண்மையானதா என்பதை, அதை வைத்திருப்பவர் யார் என்று அறியாமலே சரிபார்க்கும் 'குருட்டுக் கையொப்ப' முறையை டேவிட் சாம் 1982லேயே முன்வைத்துவிட்டார். வணிகத்திற்கு அது வேண்டியிருக்கவில்லை. தள்ளுபடி கொடுத்து வாங்க விரும்பியதே அந்த அடையாளத்தைத்தான்.

சட்டம் மெதுவாகவே வந்தது. 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கடவுச்சொல், நிதி விவரம், மருத்துவப் பதிவு, உடற்கூறு அடையாளம் முதலியவற்றை நுண்ணுணர்வுத் தரவுகளாகப் பட்டியலிட்டன. கைப்பேசி எண்ணும் கொள்முதல் விவரமும் அப்பட்டியலில் இல்லை. 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசுவாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தது. 2023 மே மாதத்தில் நுகர்வோர் விவகாரத் துறை, எண் தரச்சொல்லி வற்புறுத்த வேண்டாமெனச் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுரைதான், ஆணையன்று.

அதே ஆண்டு நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஒப்புதல் சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. குறித்த நோக்கத்திற்குத் தேவையான தரவோடு அது நின்றுவிட வேண்டும் என்றும் கூறுகிறது. எண் தருபவருக்கு ஒரு விலை, தராதவருக்கு வேறு விலை என்னும்போது அந்த ஒப்புதல் நிபந்தனையற்றதா? புள்ளிகளைக் கணக்கிட எண் தேவை என்று கடை வாதிடலாம். ஆனால் யார் எந்த மாத்திரையை எத்தனை முறை வாங்கினார் என்ற பட்டியல் அக்கணக்கிற்குத் தேவையில்லை. தொகை ஒன்றே போதும்.