தேசாதிபதியின் பறவைகள்

கொட்டாஞ்சேனை வுல்ஃபெண்டால் தேவாலயத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். 1749இல் தொடங்கிய அந்தக் கட்டடம் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டபோது ஒல்லாந்துத் தேசாதிபதியாக இருந்தவர் ஜோன் கிடியன் லோட்டன். அவருடைய ஆட்சியைவிட அவர் சேர்த்த பறவைப் படங்களே என்னை இழுக்கின்றன.

1752இல் பதவிக்கு வந்த லோட்டனுக்கு ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் நில அளவைப் பணியில் இருந்த ஒருவர் கிடைத்தார்: பீட்டர் கொர்னேலிஸ் டி பெவரே. ஐரோப்பிய, உள்நாட்டு இரத்தம் கலந்த வம்சத்தவர். காணி வரைபடம் தீட்டிய கைதான் இறகின் வரியையும் அலகின் வளைவையும் நீர்வண்ணத்தில் பிடித்தது. செம்முகப் பூங்குயில், தீக்காக்கை என்று நம் ஈரவலயக் காட்டுப் பறவைகள் தாளில் ஏறின.

லோட்டன் பின்னர் லண்டனில் குடியேறினார். படங்களும் கூடவே போயின. அங்கே இயற்கையியலாளர் தோமஸ் பெனன்ட் அவற்றை வைத்து 1769இல் ‘இந்திய விலங்கியல்’ என்ற நூலை வெளியிட்டார். பூங்குயிலுக்கும் தீக்காக்கைக்கும் அறிவியல் பெயர் அந்த நூலிலிருந்தே வருகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1765இல், ஜப்பானின் எடோ நகரில் பல வண்ண மரக்கட்டை அச்சு பிறந்தது. கொழும்பை ஆண்ட அதே கொம்பனிதான் நாகசாகியின் தெஜிமாவிலும் வியாபாரம் செய்தது. எடோவில் வண்ணத்துக்கு ஒரு பலகை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஒற்றினார்கள். லண்டனிலோ செப்புத் தகட்டில் கோடு மட்டும். வண்ணம் ஒவ்வொரு பிரதியிலும் கையால் பூசப்பட்டது. பின்னாளில் ஹிரோஷிகே வரைந்த பறவை அச்சுகளில் அவர் பெயர் படத்தின் மேலேயே நிற்கிறது. பலகை செதுக்கியவருக்கு அந்த இடம் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

டி பெவரேக்கும் கிடைக்கவில்லை. வெள்ளவத்தை வீடுகளின் செவ்வரத்தைப் பூவில் நீண்டு வளைந்த அலகை நுழைக்கும் கருநிறத் தேன்சிட்டுக்கு லின்னேயஸ் 1766இல் சூட்டியது லோட்டனின் பெயரை. படங்கள் சேர்த்தவருக்கு அந்த மரியாதை தகும். ஆனால் வரைந்தவரை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

லோட்டனின் சேகரிப்பு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும் ஹார்லெம் நகரின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. நல்ல பிரதிகளையாவது வரவழைத்து, டி பெவரேயின் பெயர் போட்டுக் கொழும்பு அருங்காட்சியகத்தில் மாட்டலாம்.

(தொடரும்)