ஒரே அரிவாள், ரெண்டு வரி

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் எண்ட விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுவார்கள். எந்த ஆயுதம் எவ்வளவு காயம் செய்யும் எண்டதை விதிப்புத்தகத்து அட்டவணைதான் சொல்லும்.

2003இல் வந்த 3.5ஆம் பதிப்பின் அட்டவணையில் ரெண்டு அரிவாள் இருக்கு. ஒன்று 'சிக்கிள்', ஐரோப்பிய அரிவாள். மற்றது ஜப்பானிய விவசாயி புல்லும் நெல்லும் அறுக்கிற 'காமா'. ரெண்டுக்கும் ஒரே காயம்: ஆறுபக்கக் கட்டையை ஒருக்கா உருட்டி விழும் எண். நிறையும் ஒன்றுதான், 2 இறாத்தல். ஆனால் சிக்கிள் 'எளிய ஆயுதம்'. காமாவோ 'எக்ஸோட்டிக்', அதாவது அந்நிய விநோதம். தனிப்பயிற்சி இல்லாமல் அதைத் தூக்கினால், தேர்ந்த போர்வீரனுக்கே தாக்கும் எண்ணில் 4 குறையும்.

ஏன் இப்படி? விளையாட்டு பிறந்தது 1974இல், அமெரிக்காவில். அதன் உலகம் பெரும்பாலும் ஐரோப்பிய மத்தியகாலக் கற்பனை. அடுத்த வருசமே 'பிளாக்மூர்' துணைநூலில் 'மங்க்' வந்துவிட்டார். பெயர் மடத்துத் துறவி. செய்கிறது வெறுங்கைச் சண்டை. அமெரிக்கா குங்ஃபூ படங்களையும், 1972இல் தொடங்கிய 'குங் ஃபூ' ரிவி தொடரையும் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. 1985இல் சாமுராய், நிஞ்சா எல்லாருக்கும் 'ஓரியன்டல் அட்வென்சர்ஸ்' எண்டு தனிப்புத்தகம் வந்தது. 1989இன் ரெண்டாம் பதிப்பு அடிப்படை நூலில் மங்க் இல்லை. 2000இல் திரும்பி வந்தார். அவரோடு காமாவும் நன்சாகுவும் வந்தன, 'எக்ஸோட்டிக்' முத்திரையோடு.

2014இன் 5ஆம் பதிப்பு அந்தப் பகுதியையே எடுத்துவிட்டது. காமா வேணுமெண்டால் சிக்கிளின் எண்களைப் பாவி, நன்சாகுவுக்குத் தடியின் எண்களைப் பாவி எண்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் கவனிச்சுப் பார்த்தால், அட்டவணையில் இப்ப காமாவுக்கு வரியே இல்லை. சிக்கிளுக்கு இருக்கு. விநோதம் எண்ட பட்டம் போனது, கூடவே சொந்த இடமும் போனது.

"இது வெறும் கேம்தானே" எண்டு சொல்லலாம். ஆனால் கதைகளில் ஒளிஞ்சிருக்கிற பார்வை அட்டவணையில் எண்ணாகவே நிற்கும். வயலில் குனிஞ்சு நிற்கிறவருக்குக் காமா எந்தக் காலத்திலும் விநோதமான பொருளா இருந்ததில்லை. அந்த 4 புள்ளிக் குறைவு, அட்டவணை போட்டவர் எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தார் எண்டதன் அளவு.