பிள்ளைகள் உள்ளே, வாத்தியார்கள் வெளியே

மலர்க் குழுவினர், "சரித்திரம் படிச்சவர்தானே, ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்றார்கள். ஹாஸ்டல் நாட்களைப் பற்றி எழுத இருபது பேர் இருக்கிறார்கள். நமது வகுப்பில் பாதியில் நின்றுபோன ஒரு கதையை நான் சொல்கிறேன்.

அமெரிக்க வரலாற்றில் பிரௌன் வழக்கு என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்பது செல்லாது என்று 1954 மே 17 அன்று சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. அஞ்சு மார்க் கேள்வி. எழுதிவிட்டு மறந்துவிட்டோம். கறுப்பர் பள்ளிகளில் பாடம் நடத்திய வாத்தியார்கள் என்ன ஆனார்கள் என்று நாமும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. படித்த கறுப்பருக்கு மற்ற உத்தியோகங்களின் கதவு அன்று பெரும்பாலும் சாத்தியே இருந்ததால், கெட்டிக்காரர்கள் பலர் ஆசிரியர் வேலைக்கு வந்தார்கள். தென் மாநிலங்கள் சில, இவர்களைத் தங்கள் பல்கலைக்கழகங்களில் மேல்படிப்புக்குச் சேர்க்க மனமில்லாமல், பணம் கொடுத்து வெளிமாநிலத்துக்கு அனுப்பின. அப்படி வடக்கே போய் எம்.ஏ. வாங்கி வந்தவர்கள் உண்டு. ஒதுக்கியதில் விளைந்த வேடிக்கை!

வழக்கு பிறந்த ஊர் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா. தீர்ப்பு வருவதற்கு முந்தைய வருஷமே, 1953 மார்ச்சில், அந்த ஊர்ப் பள்ளிகளின் சூப்பரின்டெண்டென்ட் ஒரு கறுப்பின ஆசிரியைக்குக் கடிதம் போட்டார். தீர்ப்பு இப்படி வந்தால், வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கறுப்பு ஆசிரியர் பாடம் நடத்துவதை ஊரார் விரும்பமாட்டார்கள், ஆகவே அடுத்த வருஷம் உங்களுக்கு வேலை இருக்காது என்பது சாரம். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்!

மிசௌரியில் மோபர்லி என்ற ஊரில் 1955-இல் பள்ளிகளை ஒன்றாக்கினார்கள். இருந்த 11 கறுப்பு ஆசிரியர்களில் ஒருவருக்குக்கூட மறுபடி வேலை கிடைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். 1959-இல் அப்பீலிலும் தோற்றார்கள். தகுதி பார்த்துத்தான் எடுத்தோம் என்ற நிர்வாகத்தின் பேச்சே நின்றது. 11 பேரில் ஒருத்தருக்குமா தகுதி இல்லை?

1954 முதல் 1965 வரை, 17 மாநிலங்களில் ஏறக்குறைய 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது கணக்கு. ஆட்குறைப்பில் இனம் பார்க்கக்கூடாது என்று 1969-இல் ஒரு அப்பீல் கோர்ட் கண்டிப்பாகச் சொன்னது. அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

2020-21 கணக்குப்படி அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் கறுப்பர் 6 சதவீதம். மாணவர்களில் சுமார் 15 சதவீதம். "நம்ம ஆள்தான் நமக்குப் பாடம் நடத்தணுமா என்ன?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2017-இல் வந்த ஓர் ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. வட கரோலினாவில் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடம் படித்திருந்தால் போதும்; மிக ஏழைகளான கறுப்புப் பையன்கள் உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விடுவது 39 சதவீதம் குறைந்திருக்கிறது.

தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் 2000-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கறுப்பின இளைஞர்களுக்குப் படிப்புச் செலவுக்கு உதவி செய்து, தொடக்கப்பள்ளி ஆசிரியராக்குவது. அதன் பெயர் 'கால் மீ மிஸ்டர்'. சிட்னி பாய்ட்டியர் 1967-இல் ஒரு படத்தில் பேசிய புகழ்பெற்ற வசனத்தை நினைவூட்டும் பெயர். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர்கள், எவ்வளவு வயதான கறுப்பரையும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று அதே மாநிலத்து வகுப்பறைகளில் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இவர்களை 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடுகிறார்கள்.